வெள்ளம் வந்ததும் ஏன் ஓடினார்கள்?

என் வகுப்பை மூடுவதற்கான காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, "நீங்கதானே டீச்சர் எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், நான்தான் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டேன். எதற்கென்று நினைத்துப் போட்டேன், அது எங்கே போய் நின்றது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

மலையாளம் பேசும் இந்த ஊரின் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. வகுப்புக்கு இரண்டு மலையாள டிவிஷன், ஒரு தமிழ் டிவிஷன். நான் நாலாம் வகுப்புத் தமிழ் டிவிஷன் டீச்சர். என் பிள்ளைகளின் அப்பாக்கள் அரிசிக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் நிற்பவர்கள். திருநெல்வேலிப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் இருந்து வந்தவர்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், டிவியில் இரண்டும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள், நடுவில் மூச்சுகூட விடமாட்டார்கள். நான் மட்டும் என்ன? நாஞ்சில் நாட்டுக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர். சண்டை போடத் தமிழ், சமாதானம் பேச மலையாளம் என்று வாய் தானாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் சில நாட்களில் தலை எண்ணுவார்கள். பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போய்விடும். வருடா வருடம் அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்காது. மே மாத வெயிலில் சாலைத் தெருவில் கடை கடையாக ஏறி, "உங்க பிள்ளையத் தமிழ்ல சேருங்க" என்று கெஞ்சியிருக்கிறேன். கெஞ்சுவது எனக்கு வராது. ஆனாலும் கெஞ்சினேன்.

தலைமையாசிரியை வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. என் வகுப்பில் சத்தம் கூடினால் அந்தப் பக்கமிருந்து ஸ்கேலால் தட்டியில் தட்டுவார். பதவி உயர்ந்து ஆபீஸ் அறைக்குப் போன பிறகும் மதியச் சாப்பாடு எங்களுக்கு ஒன்றாகத்தான். டிபன் மூடியில் எனக்கென்று எரிசேரி வைத்து நீட்டுவார். நான் என் வீட்டுத் துவையலை உருட்டிக் கொடுப்பேன். பிள்ளைகள் முன்னால் அவர் எனக்கு 'டீச்சர்', சாப்பாட்டு நேரத்தில் 'அக்கா'. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் வேலையோடு என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அந்நியர் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அந்த வருடம்தான் பள்ளிக்கு டேப் வந்தது, சிலேட்டு அளவில் தொடுதிரைக் கணினி. பிள்ளை காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, திரையில் வரும் கதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். டேப் கேட்டுக்கொண்டிருக்கும். சரியாக வாசித்த சொல் பச்சையாகும், தடுமாறிய சொல் சிவப்பாகும். கதை முடிந்ததும் கேள்வி கேட்கும், பிள்ளை வாயால் பதில் சொல்ல வேண்டும். தேறினால் அடுத்த படி. தேறாவிட்டால் அதே படியில் இன்னொரு கதை. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் அதில் உண்டு.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "அக்கா, மேலே கூரை ஒழுகுது, கீழே பெஞ்சுக்குக் கால் ஆடுது. இப்ப இது ஒண்ணுதான் குறைச்சலா?" என்று கேட்டேன்.

"இவளே, சும்மா கத்தாதே" என்றார் அவர். "தமிழ் டிவிஷனுக்கு ஆள் கிடைக்கலைன்னு நீதானே புலம்பறே? டேப்ல தமிழ் வாசிக்கறதுகள்னு தெரிஞ்சா பேரன்ட்ஸ் தானா வருவா. நமக்கு இது நல்லொரு அவசரமாக்கும்."

மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. தமிழில் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் மலையாளமாகச் சொன்னார், நானும் மலையாளமாகவே கேட்டுக்கொண்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டேப்பைப் பற்றி நான் நினைத்தது தவறு. முதல் வாரம் சந்தைக்கடை மாதிரி இரைச்சல். இரண்டாவது வாரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலை மட்டும் கேட்கப் பழகிவிட்டது. தப்பாக வாசித்தால் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது, சிரிக்க ஆளில்லை. அதே கதையை நாலு தடவை வாசித்தாலும் டேப்புக்கு அலுப்பு வராது. எனக்கு மூன்றாவது தடவையிலேயே குரல் ஏறிவிடும், அது என் பிறவிக் குணம். டேப்பில் பேசும் பெண் குரலுக்குப் பிள்ளைகள் 'டேப் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். "மீண்டும் முயற்சி செய்" என்று அது சொன்னால், அதே குரலில் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அப்பா அரிசிக் கடையில் மூட்டை தூக்குகிறவர். மூன்றாம் வகுப்பு முழுக்க அவள் வாயே திறக்கவில்லை என்று பழைய டீச்சர் சொல்லியிருந்தார். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், கையால் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். டேப் கொடுத்த அன்றும் கையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தப்பாச் சொன்னா ஒண்ணும் ஆகாது மக்களே. டேப் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். சும்மா வாசி" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம். அவள் கையை எடுக்கவில்லை. ஆனால் கைக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். திரையில் ஒரு சொல் பச்சையானது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், பிறகு அடுத்த சொல்லை வாசித்தாள்.

சிக்கல் வந்தது கதைகளில். அவை எங்கேயோ தமிழ்நாட்டில் உட்கார்ந்து எழுதிய கதைகள். ஒரு கதையில் மாமா புதுப்பட்டியிலிருந்து வருகிறார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "மாமா எங்கிருந்து வந்தார்?" என்று டேப் கேட்டதும் என் வகுப்பு சிரித்துச் சிரித்து உருண்டது. ஒருத்தன், "புது நாயோட வந்தார்" என்று பதில் சொன்னான். இன்னொரு கதையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் சம்சாரத்துடன் கடைக்குப் போகிறார். சம்சாரம் என்றால் மலையாளத்தில் பேச்சு. "அவர் யாருடன் போனார்?" என்ற கேள்விக்கு, "தனியாத்தான் போனார், பேசிக்கிட்டே போனார்" என்றார்கள். டேப் அக்கா ஒவ்வொருத்தரிடமும் மீண்டும் முயற்சி செய், மீண்டும் முயற்சி செய் என்று மன்றாடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில்தான் வெள்ளக் கதை வந்தது. சின்னக் கதை. மழை பெய்தது, ஊருக்குள் வெள்ளம் வந்தது, மக்கள் எல்லோரும் ஓடினார்கள். கேள்வி: வெள்ளம் வந்ததும் மக்கள் ஏன் ஓடினார்கள்?

அந்தப் பெண்பிள்ளை மெல்ல, "குடம் எடுக்க" என்றாள்.

மீண்டும் முயற்சி செய் என்றது டேப்.

"குடம் எடுக்க."

மீண்டும் முயற்சி செய்.

வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "குடம் எடுக்க! வாளியும் எடுக்க!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், ஹெட்ஃபோன் மாட்டியிருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருடமாக வாயைத் திறக்காத பிள்ளை! நான் ஓடிப்போய் என்னவென்று கேட்டேன். அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியிருந்தது.

"வெள்ளம் வந்தா ஓடணும்லா டீச்சர்? மழ பேஞ்சா எங்க தெரு பைப்புல வெள்ளம் நின்னு போவும். நின்னுட்டு வந்தா எல்லாரும் ஓடுவாங்க. ஓடலன்னா குடம் நிறையாது. இந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியல."

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவள் அம்மா காலையில் ஐந்து மணிக்குத் தெருக்குழாயடியில் நிற்பவள். இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் இதைவிடச் சரியான பதில் யார் சொல்லிவிட முடியும்? நான் அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். "நீ சொன்னதுதான் சரி. அந்த அக்காவுக்குத்தான் தப்பு" என்றேன்.

மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடமா? ஐயோ பகவானே, குடமா சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இவளே, இதெல்லாம் எழுதி வை" என்றார். "டேப் கம்பெனிக்காரா வருவா. நம்ம ஊர் குழந்தைகளுக்கு ஏத்த மாதிரி மாத்தித் தரச் சொல்லலாம். ஒரு வார்த்தை விடாம எழுது, கேட்டயா?"

அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினேன். பக்கத்தின் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் பிள்ளை சொன்னது. வலது பக்கம் பிள்ளை ஏன் அப்படிச் சொன்னது என்பது. குடத்துக்கு எதிரே, 'குழந்தை சொன்னது சரி. கேள்வியில் வெள்ளம் என்பதற்குப் பதில் வெள்ளப்பெருக்கு என்று போட்டுப் படமும் காட்டினால் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும்' என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு ஆசையாக வேறெதையும் எழுதியதில்லை. லெசன் பிளான் எழுதச் சொன்னால் தலைவலி வருகிறவள் நான். இந்த நோட்டை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் 'வந்தான்' என்பதை 'வன்னான்' என்று வாசிப்பதை எழுதினேன். மற்ற ஊர்ப் பிள்ளைகள் திணறும் ழகரத்தை என் பிள்ளைகள் எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதினேன். மலையாளம் கொடுத்த வரம் அது. வலது பக்கம் சில இடங்களில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருப்பேன்.

பிள்ளைகள் முன்னேறினார்கள். இதை யாருக்காகவும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஓணம் லீவு முடிந்து வந்தபோது சிவப்புக் குறைந்திருந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்குள் அந்தப் பெண்பிள்ளை ஹெட்ஃபோன் இல்லாமல், டேப் இல்லாமல், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்து வகுப்பு முன்னால் நின்று ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். வகுப்பு கை தட்டியது. அவள் அம்மா ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பலகாரம் பொதிஞ்ச பேப்பரக்கூட விடமாட்டேங்கா டீச்சர். எண்ணெயோட நக்காத குறையா வாசிக்கா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று கால் தரையில் படவில்லை. வருகிற ஜூனில் தலை எண்ணும்போது பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன். இந்தத் தாய்மாரே நாலு பேரிடம் சொல்வார்கள், நாலு பிள்ளைகள் வரும் என்று கணக்குப் போட்டேன்.

ஜனவரியில் அக்கா நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "எல்லாப் பக்கத்துலயும் அடியில ஒரு ஒப்பு போட்டுடு. கம்பெனிக்கு அது வேணுமாம்" என்றார். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் போட்டேன். அவர் பக்கத்தில் நின்று பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கை இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் தமிழ் டிவிஷன் பெற்றோரை மட்டும் கூப்பிட்டார்கள். டேப் வாசிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றார் அக்கா. நான் மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை கட்டிக்கொண்டு போனேன், சிரிக்காதீர்கள், எனக்கு அது விசேஷ நாள். பெற்றோர் கடையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள், சட்டையில் அரிசித் தூசி அப்படியே இருந்தது. அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். பிள்ளை அவர் மடியை ஒட்டி நின்றது.

அக்கா மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்று ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "உங்க குழந்தைகள் தமிழ்ல எப்படி வாசிக்கறதுகள்னு அவா டீச்சரே எழுதியிருக்கா. நான் வாசிக்கறேன், கேளுங்கோ" என்றார்.

முதலில் பட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து சம்சாரம். இன்னும் சிரித்தார்கள். அப்புறம், "வெள்ளம் வந்ததும் மக்கள் ஏன் ஓடினார்கள்? பதில், குடம் எடுக்க" என்று வாசித்தார். கூடம் குலுங்கியது. அந்த அம்மாவும் முதலில் சிரித்தார். பிறகு பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தது.

நான் காத்திருந்தேன். இதோ இப்போது வலது பக்கத்தை வாசிப்பார், குழந்தை சொன்னதுதான் சரி என்பதை வாசிப்பார் என்று. அவர் அடுத்த தப்புக்குப் போனார். அதற்கடுத்த தப்புக்குப் போனார். எழுந்து, "டீச்சர், பக்கத்துல நான் எழுதினதையும் வாசிங்க" என்றேன்.

"பேரன்ட்ஸுக்கு நேரமாறது டீச்சர். இருங்கோ" என்றார். என்னை எப்போதும் நீ, வாடி என்று பேசுகிறவர், எல்லோர் முன்னாலும் இருங்கோ என்று அந்நியமாகச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

பிறகு பேசினார். தமிழ் டிவிஷன் என்று பெயர்தான், பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை, வராத பாஷையில் படித்து என்ன பயன், வருகிற ஜூன் முதல் இந்த டிவிஷனை இங்கிலீஷ் மீடியமாக மாற்ற மேனேஜ்மென்ட் தயார், பெற்றோர் சம்மதித்தால் போதும். சிரித்து முடித்த வெட்கம் எல்லார் முகத்திலும் இருந்தது. சம்மதப் படிவம் ஆளுக்கொன்றாக அச்சடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கட்டை நான் மேஜையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். என் நோட்டின் ஜெராக்ஸ். நடுக்கோட்டுக்கு வலது பக்கம் முழுக்க வெள்ளை. ஏதோ காகிதத்தை வைத்து மறைத்து எடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் பிள்ளைகளின் தப்புகள், அடியில் என் கையெழுத்து. மேலே 'வகுப்பாசிரியையின் மதிப்பீடு' என்று தலைப்பு.

வெளியே வரும்போது அந்தப் பெண்பிள்ளையின் அம்மா என் முன்னால் நின்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க புள்ளைக்குத் தமிழ் வரலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா டீச்சர்? நான் ஊரெல்லாம் பெருமயாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"வருது! அவளுக்கு நல்லா வருது!" என்றேன்.

"நீங்கதான எழுதிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் போன பிறகு ஆபீஸ் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. என் வாயில் தமிழ் தவிர எதுவும் வரவில்லை.

"ஏன் அக்கா இப்பிடிச் செஞ்சீங்க?"

அவர் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "உட்காருடி" என்றார்.

"உட்காரல. டேப்புல பச்சையா இருக்கே, அதை ஏன் காட்டல? என் பிள்ளைகள் வாசிக்கிறாங்க அக்கா. உங்களுக்குத் தெரியும். நான் தினமும் உங்ககிட்டதானே சொன்னேன்!"

"பொய்யா எதாவது சேர்த்திருக்கேனா சொல்லு. எல்லாம் நீ எழுதினது, உன் ஒப்பு" என்றார் அமைதியாக. "தமிழ் டிவிஷன் இன்னும் ரெண்டு வருஷத்துல தானாப் போயிடும். போனா உன் வேலையும் போகும். இங்கிலீஷ் ஆக்கினா குழந்தைகள் வரும், டிவிஷன் நிக்கும், நீயும் நிப்பே. உனக்கும் சேர்த்தாக்கும் பண்ணினேன்."

"எனக்குச் செய்றதை என்கிட்டச் சொல்லிட்டுச் செய்யலாம்லா?"

"சொன்னா நீ எழுதியிருப்பியா?"

அதுதான். ஒளிவு மறைவே இல்லாமல் சொல்லிவிட்டார். மோர் புரையேறச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு அடங்கிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை மதியம், எத்தனை மூடி எரிசேரி! ஒவ்வொரு நாளும், "இன்னிக்கு என்னடி சொல்லித்துகள் குழந்தைகள்?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினாரே, நானும் வாய் வலிக்க வலிக்கச் சொன்னேனே. மலையாளத்தில் ஒப்பு என்று கேட்டு வாங்கியதைத் தமிழ் ஒப்புதலாக ஆக்கிக்கொண்டார். "நீங்க செஞ்சது துரோகம் அக்கா" என்றேன். அந்த 'அக்கா'வை வாயிலிருந்து எடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

திங்கட்கிழமை மதியம் ஒன்றுமே நடக்காததுபோல் டிபன் மூடி என் மேஜைக்கு வந்தது. ஆயா கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். அப்படியே திருப்பி அனுப்பினேன். மூன்று நாள் வந்தது, மூன்று நாளும் திருப்பினேன். பிறகு வரவில்லை.

மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன், என் அசல் நோட்டையும் சேர்த்து வைக்கலாமென்று. நோட்டு ஆபீஸில் இருந்தது. கேட்டேன். கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். வலது பக்கம் இல்லாத ஜெராக்ஸை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் என்னவென்று சொல்ல?

ஜூனில் பள்ளி திறந்தது. அக்கா சொன்னபடியே பிள்ளைகள் வந்தார்கள். டிவிஷன் நின்றது, நானும் நின்றேன். எனக்கு வாரத்துக்கு இரண்டு பீரியட் தமிழ், மற்ற நேரம் டேப் அறைப் பொறுப்பு. சார்ஜ் போடுவது, துடைப்பது, அலமாரியில் அடுக்குவது.

டேப்பில் ஒரு நாள் புதிய பதிப்பு இறங்கியது. தமிழ்ப் பகுதியைத் திறந்து பார்த்தேன். பழைய கதைதான். ஆனால் கேள்வி மாறியிருந்தது: வெள்ளப்பெருக்கு வந்ததும் மக்கள் ஏன் ஓடினார்கள்? பக்கத்தில் ஆறு கரை புரளும் படம். என் வலது பக்கம்! நோட்டு உண்மையிலேயே கம்பெனிக்குப் போயிருக்கிறது. யாரோ ஒருவர் என் கிறுக்கலை ஒரு வார்த்தை விடாமல் வாசித்திருக்கிறார். என் பிள்ளைகளுக்காக நான் கேட்டதைச் செய்துகொடுத்திருக்கிறார். அந்த அறையில் அப்போது இருபது டேப் இருந்தது. டேப் நேரமெல்லாம் இனி இங்கிலீஷ், தமிழில் வாசிக்க ஒரு பிள்ளை இல்லை. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நானே முழுக் கதையையும் வாசித்தேன். எல்லாம் பச்சையாக வந்தது. அழுதேன், வேறென்ன செய்ய?

அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் டிவிஷன் வாசிப்பு நேரத்துக்கு வந்தது. அந்தப் பெண்பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு பூனையும் பாயும் வரும் குட்டி இங்கிலீஷ் கதை. டேப் காத்துக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் பச்சையாகவில்லை, ஒன்றும் சிவப்பாகவில்லை. அவள் வாயைக் கையால் மூடியிருந்தாள். கைக்குள் முணுமுணுப்புகூட இல்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"வாசி மக்களே" என்றேன். "தப்பாச் சொன்னா ஒண்ணும் ஆகாது."

அவள் கையை எடுத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"போன வருசமும் நீங்க இதத்தான் டீச்சர் சொன்னீங்க" என்றாள்.

மறுபடியும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.